குடமும் மணியும்

மார்ச் 3, திங்கள்

கேட்போர் வட்டத்தின் ஆண்டுவிழாவில் இந்த முறை பேச்சு என்னுடையது என்று முடிவாகிவிட்டது. ஜூன் முதல் தேதி விழா. தலைப்பையும் நானே கொடுத்துவிட்டேன்: ‘வயதும் ரசனையும்’. வயதானால் ரசனை சுருங்கிப்போகும், மனிதன் இருபது வயதில் கேட்ட பாட்டையே கட்டிக்கொண்டு அழுவான் என்று எல்லோரும் சொல்லித் திரிகிறார்கள். அந்தப் பேச்சைத் தரைமட்டமாக்கப் போகிறேன். இதற்குச் சாட்சியை வெளியில் தேட வேண்டியதில்லை. பாளையங்கோட்டையில் வசிக்கும், நில அளவைத் துறையில் ஓய்வு பெற்ற, அறுபத்தாறு வயதுப் பிரமநாயகம் போதும். அதாவது நான்.

வாலிபத்திலிருந்து நான் புல்லாங்குழல் கட்சி. அடுத்தது வயலின். அதற்கப்புறம்தான் மனிதக் குரல். தாள வாத்தியங்களை, வீட்டுக்கு வந்த விருந்தாளியின் குழந்தைகளைப் போலப் பொறுத்துக்கொண்டிருந்தேன். போன ஐப்பசி வாக்கில்தான் மாற்றம் தொடங்கியது. இப்போது கச்சேரி கேட்டால் கடத்தின் மேல் மனசு போகிறது. சினிமாப் பாட்டு கேட்டால் அடியில் உருளுகிற பேஸ் கிட்டாரைத்தான் தேடுகிறேன். பாட்டுக்கு அடியில் இப்படி ஒரு ஆறு ஓடுவது இத்தனை வருஷம் எனக்குத் தெரியவே தெரியாது. இதையெல்லாம் அவ்வப்போது இங்கே குறித்து வைத்தால் பேச்சுக்கு உதவும்.

பால் பொங்கி அடுப்பெல்லாம் வழிந்துவிட்டது. என் மனைவி உலகம்மாள், கோயிலுக்குப் போகும்போது பால் பாத்திரத்துக்குள் ஏதோ ஒரு தட்டைப் போட்டு, பொங்கினால் அது சத்தம் கொடுக்கும் என்று சொல்லிவிட்டுப் போனாள். கொடுக்கவில்லை. மட்டமான தட்டு.

மார்ச் 8, சனி

வட்டம் கூடியது, வழக்கம்போல் நண்பர் கைலாசம் வீட்டு மாடியில். எங்கள் முறை எளிது. ஒருவர் ஏதாவது ஒரு இசையைக் கொண்டுவருவார். முடியும்வரை யாரும் வாய் திறக்கக்கூடாது. பிறகு ஒவ்வொருவராக அபிப்பிராயம். கடைசி வார்த்தை என்னுடையது. நான் கேட்டு வாங்கினதில்லை, அதுவாக அமைந்தது. தம்புராவில் ஒரு தந்தி நூலளவு இறங்கியிருந்தாலும் வாசலில் செருப்பைக் கழற்றும்போதே சொல்லிவிடுவேன் என்று பெயர்.

இன்று நான் கொண்டுபோனது செல்லோ. வயலினுக்குப் பெரியப்பா மாதிரி ஒரு வாத்தியம். முடிந்ததும் மரியசெல்வம் (ஜவுளிக் கடைக்காரர், வட்டத்தில் எல்லோருக்கும் இளையவர்) வியந்துபோனார்.

“அண்ணாச்சி, நீங்களா இதைக் கொண்டாந்தது? பேஸ் சத்தம் கேட்டாலே எந்திரிச்சுப் போயிருவியளே!”

“வயசாக ஆகத்தான் மனசு விரியுது, மரியசெல்வம்” என்றேன். சந்தோஷமாக இருந்தது.

மார்ச் 12, புதன்

இந்த வருஷம் புது ரகக் கொசு வந்திருக்கிறது. சத்தமே போடாமல் கடிக்கிறது. முன்பெல்லாம் காதருகே வந்து சொல்லிவிட்டாவது கடிக்கும்.

மார்ச் 19, புதன்

குக்கரால் சண்டை.

“ஏங்க, எத்தனை விசில் வந்துச்சு?”

“ஒண்ணுகூட வரலையே.”

“பருப்பு அடிப்பிடிச்சுக் கெடக்கு. பக்கத்துலதான உக்காந்து பேப்பர் பாக்கிய?”

“வெயிட் போயிருக்கும். புதுசு வாங்கணும்.”

வாங்கி வந்தேன். புதியதும் மட்டம். உலகம்மாள் என்னையே பார்த்தாள். “ஒரு தடவை காதைக் காட்டிட்டு வருவமா?” என்றாள். என் காதையா! ஊரில் உள்ளவர்கள் தங்கள் பாட்டைக் கொண்டுவந்து காட்டுகிற காது இது. குளிக்கப் போய்விட்டேன்.

மார்ச் 29, சனி

இன்று ஒரு கடினமான காரியம் செய்ய வேண்டியிருந்தது. செய்தேன்.

ஆண்டுவிழாவில் கைலாசம் புல்லாங்குழல் வாசிப்பது எங்கள் வழக்கம். கூட்டுறவுப் பண்டகசாலையில் வேலை பார்த்துக்கொண்டே கற்றவர். மேடை ஏறிப் பெயர் வாங்கியதில்லை, ஆனால் சுத்தமான வாசிப்பு. அவருடைய ஐந்து கட்டைக் குழலில் மேல் பஞ்சமத்தைத் தொடும்போது நான் கண்ணை மூடிக்கொள்வேன். அந்த ஒரு சுரத்துக்காகவே சனிக்கிழமைக்குக் காத்திருந்த காலம் உண்டு.

இன்று ஒத்திகை பார்த்தார். மேல் ஸ்தாயிக்குப் போனதும் சுரம் இல்லை. விரல் ஓடுகிறது, கன்னம் உப்புகிறது, வருவது வெறும் காற்று. முடித்துவிட்டு எல்லோரையும் பார்த்தார். எல்லோரும் என்னைப் பார்த்தார்கள்.

“வே, கைலாசம், மேல் பஞ்சமத்துல காத்துதான் வருது. சுரம் வரலை.”

அவர் முகம் மாறியது. “வரலையா?”

“வரலை. இனிமே மேல போவாதேயும். கீழேயே நின்னு வாசியும். அதுவும் அழகுதான்.”

யாரும் மறுத்துப் பேசவில்லை. கைலாசம் நாக்கால் முன்பல்லைத் தடவிப் பார்த்துக்கொண்டார். போன வருஷம்தான் மேல்வரிசையில் இரண்டு பல் கட்டினார்.

“பல்லு கட்டுனதுல இருந்தே எனக்கும் சந்தேகம்தான் வே. எனக்கு என்னமோ கேக்குற மாதிரிதான் இருந்துச்சு. உமக்குக் கேக்கலைன்னா அது இல்லைன்னுதான் அர்த்தம்” என்றார்.

நண்பனிடம் உண்மையைச் சொல்லாவிட்டால் வட்டம் எதற்கு? இருந்தாலும் இரவுச் சாப்பாடு இறங்கவில்லை.

ஏப்ரல் 5, சனி

கைலாசம் மாடிக்கு வரவில்லை. அவர் வீட்டு மாடிதான். தலைவலி என்று சாவியை மட்டும் கொடுத்து அனுப்பினார்.

ஏப்ரல் 12, சனி

இன்றும் வரவில்லை. ஆண்டுவிழாவில் வாசிக்கப் போவதில்லை என்று மரியசெல்வத்திடம் சொல்லியிருக்கிறார். குழலைத் துணியில் சுற்றிப் பரணில் போட்டுவிட்டாராம்.

கீழே நின்று வாசியும் என்றுதான் சொன்னேன். பரணில் போடச் சொன்னேனா?

ஏப்ரல் 20, ஞாயிறு

முருங்கை மரத்தில் அணில்கள் ஓடுகின்றன. வாலைத் தூக்கித் தூக்கி அடிக்கின்றன. கத்துவதே இல்லை. வெயில் அவற்றையும் படுத்துகிறது.

மகள் பெங்களூரிலிருந்து பேசினாள். தெளிவாகவே இல்லை. வேறு போன் வாங்கச் சொன்னேன்.

மே 6, செவ்வாய்

பேச்சுக்கு முத்தாய்ப்பு கிடைத்துவிட்டது!

பின்தெரு அம்மன் கோயிலில் கொடைத் திருவிழா. வருஷா வருஷம் அந்த நாளில் ஜன்னலை எல்லாம் சாத்திவிட்டு உள்ளறையில் உட்காருவது என் வழக்கம். வில்லுப்பாட்டு என்றால் எனக்கு ஒவ்வாது. இன்று மதியக் கொடை சமயம் வெற்றிலை வாங்கப் போனவன் அப்படியே நின்றுவிட்டேன்.

குடம்! வில்லோடு சேர்த்துக் கட்டிய அந்த மண்குடத்தின் வாயில் ஒரு ஆள் மட்டையால் அடிக்கிறார். அடித்த அடி தரை வழியாக வந்து உள்ளங்காலில் ஏறுகிறது. வில்லடித்துப் பாடும் புலவர் கதையைச் சொல்லி நிறுத்துகிற இடத்தில் எல்லாம் குடம் அதை வாங்கி, “அப்படியா? அப்புறம்?” என்று கேட்கிறது. பந்தல் ஓரத்தில், ஐஸ் வண்டிக்குப் பக்கத்தில், கையில் வெற்றிலைக் கட்டோடு கதை முடியும்வரை நின்றேன். கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது. இதையா இத்தனை வருஷம் ஜன்னல் சாத்தி விரட்டினேன்?

அந்தக் குழுவினர் விவரமானவர்கள். வில்லில் மணி கட்டவில்லை. கிணுகிணு தொந்தரவு இல்லாததால் குடம் துலக்கமாக வந்தது. ஜால்ராக்காரர் மட்டும் சோம்பேறி. சும்மா கையை ஆட்டிக்கொண்டிருந்தார்.

மே 10, சனி

வட்டத்தில் குடத்தைப் பற்றிச் சொன்னேன். உற்சாகமாகத்தான் தொடங்கினேன். மணி கட்டாததால் வந்த நன்மையையும் சொன்னேன்.

மரியசெல்வம் விழித்தார். “அண்ணாச்சி, அன்னைக்கு நானும் அங்கதான் நின்னேன். மணி கட்டாத வில்லு ஏது? வரிசையா கட்டிருந்தாவ. காதைத் துளைச்சுட்டுல்லா இருந்துச்சு.”

“நான் தள்ளி நின்னேன்.”

“போன்ல எடுத்து வச்சிருக்கேன், பாருங்க.”

பார்த்தேன். வில் முழுக்க மணி. கோல் விழும்போதெல்லாம் அத்தனையும் குலுங்குகின்றன. குடம் கேட்டது. புலவர் குரல் கேட்டது. மணி குலுங்கியது, அவ்வளவுதான். ஜால்ராக்காரரும் வேர்க்க வேர்க்கத் தட்டிக்கொண்டிருந்தார்.

“ஒங்க போன் சரியில்லை” என்றேன்.

மரியசெல்வம் போனை மெதுவாகப் பைக்குள் போட்டுக்கொண்டார்.

மே 11, ஞாயிறு

எழுத ஒன்றுமில்லை.

மே 12, திங்கள்

குக்கருக்கு எதிரே நாற்காலியைப் போட்டு உட்கார்ந்தேன். ஆவி வந்தது. வெயிட் தூக்கியது, ஆடியது, உட்கார்ந்தது. உலகம்மாள் அடுத்த அறையிலிருந்து “ஒண்ணு” என்றாள். கொஞ்ச நேரம் கழித்து “ரெண்டு” என்றாள். எனக்குப் புஸ்ஸென்று ஏதோ ஒரு மூச்சு. அவ்வளவுதான்.

பிறகு முருங்கை மரத்தடியில் போய் நின்றேன். அணில் ஒவ்வொரு முறை வாலை அடிக்கும்போதும் அதன் வாய் திறந்து மூடுகிறது.

பால் பாத்திரத்துத் தட்டு, கொசு, மகளின் போன், எல்லாம் புரிந்துவிட்டது. இவை பெரிதில்லை. கைலாசத்தின் மேல் பஞ்சமம்தான் பெரிது. அது அங்கேதான் இருந்திருக்கிறது. சபை நடுவே, இல்லை என்று சொல்லிவிட்டேன். அந்த மனுஷன் தன் காதில் கேட்டதைத் தள்ளிவிட்டு, எனக்குக் கேட்காததை நம்பினார்.

உலகம்மாளிடம் நானே போய், “நாளைக்கழிச்சு டாக்டர்ட்ட போவோம்” என்றேன். அவள் பழைய மருந்துச் சீட்டுகளை எடுத்து வைத்தாள்.

மே 14, புதன்

காது டாக்டர். ஒரு சிறிய அறையில் உட்காரவைத்து, காதில் ஒரு கருவியை மாட்டி, சத்தம் கேட்டால் பொத்தானை அழுத்தச் சொன்னார்கள். நெடுநேரம் அழுத்தாமலே உட்கார்ந்திருந்தேன். அந்தப் பெண் கண்ணாடிக்கு அந்தப் பக்கம் ஏதோ திருப்பிக்கொண்டே இருந்தாள்.

பிறகு ஒரு வரைபடம் காட்டினார்கள். நிலத்தின் ஏற்ற இறக்கத்தை எத்தனை வருஷம் வரைந்தவன் நான், யாரும் விளக்க வேண்டியிருக்கவில்லை. கனத்த சத்தங்கள் இருக்கும் பக்கம் சமதளம். மணி, விசில் போன்ற கீச்சுச் சத்தங்களுக்குப் போகப் போகக் கோடு ஆற்றங்கரை மாதிரி சரிந்து கீழே போய்விட்டது. இரண்டு காதிலும். வயதால் வருவது, திரும்பாது, கருவி மாட்டலாம் என்றார் டாக்டர்.

ஆக, என் ரசனை விரியவே இல்லை. மாடி இடிந்து விழுந்துவிட்டது. மிச்சமிருந்த கீழ்வீட்டை அரண்மனை என்று ஊரெல்லாம் சொல்லிக்கொண்டிருந்திருக்கிறேன். வெட்கமாக இருக்கிறது. பேச்சை வேறு யாருக்காவது கொடுத்துவிடலாமா என்றுகூட யோசித்தேன். கொடுக்கப் போவதில்லை. முதலில் கைலாசம். மற்றதெல்லாம் அப்புறம்.

மே 15, வியாழன்

காலையிலேயே போனேன். கைலாசம் கீரை ஆய்ந்துகொண்டிருந்தார். எழுந்திருக்கவில்லை. நான் எதிரே தரையில் உட்கார்ந்தேன்.

“வே, ஒம்ம குழல்ல ஒரு குறையும் இல்லை. கொறை என் காதுல.”

வரைபடத்தை விரித்துக் காட்டினேன். மணி, குக்கர், அணில் எல்லாவற்றையும் சொன்னேன். கேட்டுக்கொண்டே கீரையை ஆய்ந்தார். கட்டு முடிந்ததும் காம்புகளைத் தனியே ஒதுக்கினார்.

“இதை மாடியில எல்லாரும் இருக்கும்போது சொல்லுவீரா?”

“சொல்லுவேன்.”

“சொல்லும். ஆனா நான் பரண்ல ஏற மாட்டேன்.”

“ஏன் வே?”

“இவ்வளவு காலமா உம்ம காதை நம்பித்தான் வாசிச்சேன். நீரு தலையாட்டுனாத்தான் அது சுரம். இப்ப நீரே வந்து காது இல்லைங்கீரு. நான் யாரை நம்பட்டும்? மத்தவங்க பொறவு வந்து நல்லாருக்குன்னு சொல்லத்தான் செய்தாவ. அது மரியாதைக்கு.”

“நான் சொல்லுதேனே, நல்லாத்தான் இருந்திருக்கும்னு.”

“கேக்காம சொல்லுதீரு. அது எனக்கு ஆறுதல். ஆறுதல் எனக்கு வேண்டாம்.”

வாசலுக்கு வந்து வழியனுப்பினார். கோபமாகத் திட்டியிருந்தால் நன்றாக இருந்திருக்கும்.

கருவி மாட்டிக்கொள்வதா வேண்டாமா என்று நேற்றுவரை எனக்குள் ஒரு இழுபறி இருந்தது. கிழட்டுத்தனத்தைக் காதில் தொங்கவிட்டுக்கொண்டு திரிவதா என்று. இன்று அது தீர்ந்துவிட்டது. நேரே டாக்டரிடம் போய் அளவு கொடுத்துவிட்டு வந்தேன்.

மே 19, திங்கள்

மாட்டியாகிவிட்டது. உலகம் இரைச்சல் காடு. பேப்பரைத் திருப்பினால் ஓலைக்குடிசை பிரிகிற சத்தம். எண்ணெயில் கடுகு வெடிப்பதற்கு நாற்காலியிலிருந்து எழுந்துவிட்டேன். என் செருப்பு இவ்வளவு சத்தம் போடும் என்று யாராவது சொல்லியிருக்கலாம்.

சாயங்காலம் மரத்தடியில் அணில் கத்தியது. ஓடிப்போய் உலகம்மாளைக் கூட்டிவந்து காட்டினேன்.

“அது எப்பவும் கத்துறதுதானங்க” என்றாள். சேலைத் தலைப்பால் கண்ணைத் துடைத்துக்கொண்டாள்.

மே 21, புதன்

பழைய புல்லாங்குழல் ஒலிநாடா ஒன்றைக் கேட்டேன். தகரத்தில் ஊதியது போல் இருந்தது. கழற்றி எறிந்துவிடலாம் என்று வந்தது. எறியவில்லை. டாக்டரிடம் போனேன். இசைக்கென்று தனி அமைப்பு இருக்கிறதாம், மாற்றிக் கொடுத்தார்கள். மூளைக்கும் பழக நாளாகும் என்றார்கள். பழகட்டும். தினமும் காலையிலும் மாலையிலும் அதே ஒலிநாடா. உலகம்மாள் பொறுத்துக்கொள்கிறாள்.

மே 24, சனி

மாடியில் எல்லோர் முன்னாலும் சொன்னேன். மார்ச் மாதம் நான் சொன்ன தீர்ப்பு தப்பு, காது கேட்காதவன் சொன்ன தீர்ப்பு என்றேன். சொல்லி முடித்ததும், “கைலாசம், குழலை எடும். இப்ப கேக்குதேன்” என்றேன்.

“நல்லாருக்குன்னு சொல்லத்தான போறீரு?”

“நல்லா இல்லைன்னா நல்லா இல்லைன்னுதான் சொல்லுவேன். என்னைத் தெரியாதா உமக்கு?”

என் காதில் மாட்டியிருந்ததையே கொஞ்ச நேரம் பார்த்தார். பிறகு மரியசெல்வத்தைப் பரணில் ஏறச் சொன்னார். குழல் துணியிலிருந்து வெளியே வந்தது. விரல் பழக்கம் விட்டுப்போயிருந்ததால் முதலில் தடுமாறினார். கீழே கொஞ்சம் உலாவிவிட்டு, மத்தியில் நின்றுவிட்டு, மேலே கிளம்பினார்.

பஞ்சமம் வந்தது. சன்னமாக, நேராக, அப்படியே அதன் இடத்தில். நான் கண்ணை மூடிக்கொண்டேன்.

அங்கேயே நிறுத்தியிருந்தால் எனக்கு நிம்மதி. அவர் அதற்கும் மேலே போனார். அங்கே ஓர் இடத்தில் சுரம் பிசிறியது. என் கருவியின் கோளாறோ என்று திரும்ப ஒருமுறை வாசிக்கச் சொன்னேன். கோளாறு கருவியில் இல்லை. எல்லோரும் என்னையே பார்த்துக்கொண்டிருந்தார்கள். கைலாசத்தின் முகத்தைப் பார்த்துக்கொண்டு எப்படிச் சொல்வது? ஆனால் சொல்லாவிட்டால் அவர் பயந்த ஆறுதல் அதுதானே.

“பஞ்சமம் முழுசா இருக்கு. அதுல ஒரு சொல்லு சொல்ல முடியாது. அதுக்கு மேல தைவதம் போறப்ப ஒரு பக்கமா காத்து கசியுது. பல்லு கட்டுன பக்கம். ஒதட்டைக் கொஞ்சம் மாத்தி வச்சுப் பாரும்.”

கைலாசம் குழலை மடியில் வைத்தார். ஒரு நிமிஷம் பயந்துவிட்டேன். பிறகு சிரிக்க ஆரம்பித்தார். வாய்விட்டு, புதுப் பல் இரண்டும் தெரிய.

“அந்தப் பக்கம்தான் வே! எனக்கே தெரியும். இவங்க யாருக்கும் தெரியலை. இப்ப நம்புதேன். காது வந்துட்டு உமக்கு.”

ஆண்டுவிழாவுக்கு வாசிப்பதாகச் சொல்லிவிட்டார்.

மே 30, வெள்ளி

பேச்சை முழுவதும் கிழித்துப் போட்டுவிட்டுத் திரும்ப எழுதுகிறேன். ஓர் இடத்தில் முட்டிக்கொண்டு நிற்கிறது. காதின் மேல்பாதி போனதால்தான் குடத்தின் பக்கம் போனேன். இப்போது மேல்பாதி திரும்பிவிட்டது. அப்படியானால் குடம்? கொடைப் பந்தலில் வந்த கண்ணீர் நிஜமா, நோயா? இந்தப் பயத்தில் செல்லோவைப் போட்டுக் கேட்கக்கூட இல்லை.

ஜூன் 1, ஞாயிறு

விழா நன்றாக நடந்தது. கைலாசம் உதட்டைச் சற்று ஒதுக்கி வைத்து வாசித்தார். தைவதத்தில் இன்னும் கொஞ்சம் கசிவு. பஞ்சமத்துக்குக் கூட்டம் அசையாமல் இருந்தது.

நான் பேசியது இவ்வளவுதான்: வயதானால் ரசனை விரியும் என்று என்னையே சாட்சி வைத்து நிரூபிக்க வந்தேன். என் விஷயத்தில் அதைச் செய்தது வயதால் வந்த ஞானம் இல்லை, செவிடு. மேலே கதவு சாத்திக்கொண்டதால் கீழே இறங்கினேன், இறங்கின இடம் அழகாக இருந்தது. அதற்குள் மேலே இருந்த ஒரு நண்பரை, அங்கே ஆளே இல்லை என்று சொல்லிவிட்டேன். அவர் இன்று உங்கள் முன்னால் வாசித்தார்.

முடிந்ததும் மரியசெல்வம் எழுந்து, “இப்ப காது வந்துட்டே அண்ணாச்சி, இனி பழையபடி புல்லாங்குழல் மட்டும்தானா?” என்று கேட்டார். கிண்டல்தான், ஆனால் நான் முட்டிக்கொண்ட அதே இடம்.

“தெரியலை. செவ்வாக்கிழமை மேலத்தெருவுல கொடை. போய் நின்னு பாத்துட்டுச் சொல்லுதேன்” என்றேன்.

ஜூன் 3, செவ்வாய்

மதியம் வெயில் தாழ்வதற்குள் கிளம்பினேன். உலகம்மாளும் வந்தாள். கைலாசம் தெருமுனையில் குடையோடு நின்றுகொண்டிருந்தார். “தீர்ப்பு சொல்லும்போது கூட ஒரு ஆளு இருக்கணும்லா” என்றார்.

போன தடவை பாடிய அதே குழு. இந்த முறை ஓரத்தில் நிற்கவில்லை. வில்லுக்கு நேர் எதிரே, பெண்களும் பிள்ளைகளும் உட்கார்ந்திருந்த ஜமுக்காளத்தில் இடம் பிடித்தோம். காதில் இருப்பதை ஒருமுறை தொட்டுப் பார்த்துக்கொண்டேன். கழற்றிவிடலாமா என்று கை போனது. போன வேகத்திலேயே திரும்ப எடுத்துவிட்டேன்.

புலவர் கோலை ஓங்கி வில்லில் போட்டார். அத்தனை மணியும் ஒரே சமயத்தில் முகத்தில் அடித்தது. நடுங்கிவிட்டேன். ஜால்ரா வேறு. அந்த மனிதரைச் சோம்பேறி என்று எழுதியிருந்தேன். ஊரிலேயே உழைப்பாளி அவர்தான். குடம் எங்கே என்று தேடினேன். மட்டை எழுவதும் விழுவதும் தெரிந்தது. இந்த இரைச்சலில் அது போய்விட்டது என்றே நினைத்தேன்.

புலவர் கதையை ஓர் இடத்தில் கொண்டுவந்து நிறுத்தினார். அப்போது கீழேயிருந்து, ஜமுக்காளம் வழியாக, முழங்காலில் ஏறி வந்தது. அப்படியா? அப்புறம்?

கைலாசம் குனிந்து என் காதருகே கத்தினார். “என்ன வே, குடம் இருக்கா?”

இருந்தது. போன மாதம் இருந்த மாதிரியே இருந்தது. மணி கூடுதல்.